ரெக்கார்டர் திரை கறுத்தால் முதலில் எதைத் தொடுவது?

ஒரு பரதநாட்டிய அரங்கேற்றம். அதன் நீண்ட உருப்படியான வர்ணம் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஆடிய பெண் மேடையின் இடக்கோடிக்கு நகர, நானும் ட்ரைபாட் கைப்பிடியை மெல்லத் திருப்பினேன். கேமராவின் தலையில் நின்ற ஐந்தங்குல ரெக்கார்டரின் திரை கறுத்தது. கேமராவின் படத்தை எச்டிஎம்ஐ கேபிள் வழியே வாங்கித் தனி டிஸ்க்கில் பதியும் கருவி அது. இரண்டு விநாடிதான், படம் தானாகத் திரும்பி வந்தது. ஆனால் பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்புச் சட்டம் திரும்பவில்லை. சிக்னல் அறுந்த கணத்தில் ரெக்கார்டர் கிளிப்பை முடித்துக்கொண்டுவிட்டது. நான் அதைக் கண்டு மறுபடி பொத்தானை அழுத்துவதற்குள் ஒரு தீர்மானம், அதாவது ஜதிக்கு ஆடும் ஒரு பகுதி, முழுதும் போய்விட்டது. அரங்கேற்றம் ஒருவருக்கு ஒரு முறைதான். அந்தப் பகுதியை இரண்டாவது கேமராவின் அகலக் காட்சியில் மட்டும் பெற்றோருக்குக் கொடுக்க நேர்ந்தது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அன்று இரவு வீட்டில் அதே கேமராவையும் ரெக்கார்டரையும் மேசைமேல் வைத்துத் தேடினேன். மெனுவில் குறையில்லை. டிஸ்க்கில் குறையில்லை. கேபிளின் கேமரா முனையைச் சுண்டுவிரலால் தொட்டு, கண்ணுக்கே தெரியாத அளவு அசைத்தேன். திரை கறுத்தது. ரெக்கார்டர் முனையை எவ்வளவு ஆட்டியும் ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து, ரெக்கார்டர் சரியில்லை என்று யார் தொலைபேசியில் அழைத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: கேபிளின் கேமரா முனை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?

வெளி ரெக்கார்டரைக் குறை சொல்வது எளிது, ஏனென்றால் பிழை தெரிவது அதன் திரையில்தான். பிழை பிறந்த இடம் பெரும்பாலும் வேறு. கேமராவின் மெனு, கேமராவின் துளை, கேபிள், ரெக்கார்டரின் துளை, அதன் மெனு, டிஸ்க், மின்சாரம் என்று சிக்னல் ஒரு வழியில் நடக்கிறது. நாமும் அதே வரிசையில் நடந்தால் பத்து நிமிடத்தில் குற்றவாளி கிடைத்துவிடும். நடுவில் குதித்து ரெக்கார்டரை ஃபேக்டரி ரீசெட் செய்பவர்கள் தங்கள் அமைப்புகளையும் இழந்து, பிழையையும் அப்படியே வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். கேமராவின் உள் கார்டிலும் எப்போதும் பதிவு ஓடட்டும். சில கேமராக்கள் இதற்கு இடம் தராது. நிக்கான் இசட்6-இல் எச்டிஎம்ஐ வழியே 10-பிட் (நுணுக்கமான நிறம் தரும்) படத்தை அனுப்பத் தேர்ந்தெடுத்தால் கார்டில் வீடியோ பதிவாகாது. சோனியின் சில கேமராக்களில் 4கே வெளியீட்டை 'கார்டும் எச்டிஎம்ஐயும்' என்றும் 'எச்டிஎம்ஐ மட்டும்' என்றும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவதில் இருந்தால் கார்டு காலியாகவே இருக்கும். நிகழ்ச்சி முடிந்து கார்டைத் திறந்து பார்த்துத் திகைப்பதைவிட, முதல் நாளே இதை ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள்.

திரை கறுத்துத் தானாகத் திரும்புகிறது

கேபிள், அல்லது கேபிள் நுழையும் துளை. நூற்றில் தொண்ணூறு முறை என்று சொல்லத் தோன்றுகிறது. எண்ணிப் பார்த்ததில்லை, ஆனால் வேறு காரணம் கண்ட நாட்கள் எனக்கு நினைவில் தனியாக நிற்கின்றன.

எச்டிஎம்ஐ முனை மூன்று அளவுகளில் வருகிறது. பானசோனிக் ஜிஎச்5, சோனி ஏ7எஸ் மார்க் 3 போன்றவற்றில் தொலைக்காட்சியில் இருக்கும் அதே முழு அளவு. நிக்கான் இசட்6-இல் மினி. சோனி ஏ7 மார்க் 3, கேனான் ஆர்5 ஆகியவற்றில் மைக்ரோ. மூன்றிலும் உள்ளே 19 பின்கள்தான். மைக்ரோவில் அந்த 19 பின்களும் சுமார் ஆறு மில்லிமீட்டர் அகலத்துக்குள் இரண்டு வரிசையாக அடைபட்டிருக்கின்றன. பூட்டு கிடையாது, திருகு கிடையாது. ஒரு மெல்லிய உலோகப் பிடிப்பு மட்டுமே அதை நிறுத்தி வைத்திருக்கிறது. அதில் கனமான கேபிளைத் தொங்கவிட்டுக் கேமராவைத் திருப்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தொடர்பு அறுவது இமைப்பொழுதுதான்; திரை இரண்டு விநாடி கறுப்பது ஏன்? எதிர்முனையில் ஒரு கருவி இருக்கிறது என்று கேமராவுக்குச் சொல்வதற்காகவே அந்த 19-இல் ஒரு பின் இருக்கிறது. அது ஒரு கணம் விட்டுப்போனாலும் கருவியைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கேமரா கருதுகிறது. மறுபடி தொட்டதும் நீ யார், எந்த அளவுப் படம் உனக்கு வேண்டும் என்ற விசாரணையை முதலிலிருந்து தொடங்குகிறது. அந்த விசாரணைக்கு ஆகும் நேரம்தான் அந்தக் கறுப்பு.

சோதிக்கும் முறை: ரெக்கார்டரையும் கேமராவையும் அசையாமல் வையுங்கள். கேபிளின் ஒரு முனையை மட்டும் தொடுங்கள், மேலும் கீழும், இடமும் வலமும். பிறகு மறு முனை. பிறகு நடுக் கேபிளை மெல்ல வளையுங்கள். எங்கே தொட்டால் கறுக்கிறதோ அங்கே பிழை. கேமரா முனையில் என்றால் வேறு கேபிளைச் செருகி அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். புதுக் கேபிளிலும் கறுத்தால் கேமராவின் துளையே தளர்ந்திருக்கிறது. உள்ளே சால்டர் விட்டிருக்கலாம். அதைச் சர்வீஸுக்குத் தரத்தான் வேண்டும். துளைக்குள் காகிதம் மடித்துச் செருகி ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பின் வளைந்தால் செலவு பல மடங்காகும்.

நான் இப்போது செய்வது இதுதான். கேமராவைச் சுற்றிக் கேஜ் என்ற உலோகச் சட்டம் மாட்டி, அதில் கேபிள் கிளாம்ப்பை இறுக்கிவிடுகிறேன். இழுப்பு எல்லாம் கிளாம்ப்போடு நின்றுவிடும், துளைக்குப் போகாது. கிளாம்ப்புக்கும் துளைக்கும் இடையில் கேபிள் சற்றுத் தளர்ந்து வளைந்திருக்க வேண்டும். கேபிள் முப்பது, நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். சுருள் கேபிள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது சுருங்கப் பார்த்துக்கொண்டே இருக்கும், நாள் முழுதும் துளையை இழுக்கும். மைக்ரோவிலிருந்து முழு அளவுக்கு மாற்றும் கட்டை அடாப்டர் அதைவிட மோசம். நெம்புகோல்போல நின்று துளையை நெம்பும். பையில் மாற்றுக் கேபிள் ஒன்று, சோதித்துப் பெயர் எழுதியது, எப்போதும் இருக்கட்டும்.

கறுப்புக்குப் பதில் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் கதை வேறு. தொடர்பு இருக்கிறது, கேபிளால் அவ்வளவு தரவைச் சுமக்க முடியவில்லை. எச்டிஎம்ஐ 1.4 விநாடிக்கு 10.2 கிகாபிட் வரை, 2.0 என்றால் 18 கிகாபிட் வரை. 4கே 25பி, அதாவது விநாடிக்கு 25 ஃபிரேம், முதல் வகையில் அடங்கிவிடும்; 4கே 50பி-க்கு இரண்டாவது வேண்டும். 25-இல் சுத்தமாக வரும் படம் 50-இல் புள்ளி விழுந்தால், கேபிளை மாற்றுவதோடு வேலை முடிந்தது.

படமே வரவில்லை

இரண்டு கருவிகளையும் அணைத்துவிட்டுக் கேபிளை இரு முனையிலும் கழற்றிச் செருகுங்கள். ரெக்கார்டரை முதலில் இயக்கி, அது முழுதாக விழித்த பிறகு கேமராவை இயக்குங்கள். பல நேரம் இதுவே போதும். ஆகவில்லையென்றால் அதே கேபிளை ஒரு சாதாரணத் தொலைக்காட்சியில் செருகிப் பாருங்கள். அங்கே படம் வந்தால் கேமராவும் கேபிளும் குற்றமற்றவை. ரெக்கார்டரின் உள்ளீடு எஸ்டிஐ-யில் (தொழில்முறைக் கருவிகளில் உள்ள இன்னொரு வகைப் படக் கேபிள்) நிற்கிறதா, எச்டிஎம்ஐ-யில் நிற்கிறதா என்று பாருங்கள். கேமராவில் இருக்கும் ஃபிரேம் வீதத்தை ரெக்கார்டர் ஏற்குமா என்பதும் முக்கியம். 4கே 50பி-யை ஏற்காத பழைய ரெக்கார்டர் அதைக் குறைத்துக் காட்டாது. வெறும் கறுப்பைத்தான் காட்டும்.

4கே வைத்திருக்கிறேன், ரெக்கார்டர் 1080 என்கிறது

கேமராவின் டயல் வீடியோவில் நிற்கிறதா? நிழற்பட நிலையில் பல கேமராக்கள் 1080 (ஃபுல் எச்டி) மட்டுமே அனுப்பும். இது இவ்வளவு எளிய காரணம் என்பதால்தான் யாரும் முதலில் பார்ப்பதில்லை. அடுத்து, கேமரா பதிவு செய்யும் கோப்பு வகையே 4கே-யாக இருக்க வேண்டும். எச்டிஎம்ஐ மெனுவில் மட்டும் 2160 (4கே) என்று வைத்தால் போதாது.

ரெக்கார்டரிலிருந்து இன்னொரு கேபிள் எடுத்து இயக்குநருக்கு ஒரு சிறிய மானிட்டர் வைத்திருக்கிறீர்களா? அது 1080 மானிட்டரா? நடுவில் சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இருக்கிறதா? எதிர்முனைக் கருவி தன்னால் எதைக் காட்ட முடியும் என்று ஒரு சிறு பட்டியலைக் கேமராவுக்குச் சொல்கிறது. வெளியீடு 'ஆட்டோ'வில் இருந்தால் கேமரா அந்தப் பட்டியலுக்குக் கட்டுப்படும். ஸ்பிளிட்டர் பலவீனமான கருவியின் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் 4கே கேமராவும் 1080-க்கு இறங்கிவிடும். கூடுதல் மானிட்டரைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பதிவில் பேட்டரிக் குறியும் ஷட்டர் எண்ணும் தெரிகின்றன

கேமரா தன் திரையில் காட்டுவதை எல்லாம் வெளியேயும் அனுப்புகிறது. சோனியிலும் பானசோனிக்கிலும் எச்டிஎம்ஐ தகவல் காட்சியை அணைக்கும் வசதி மெனுவில் இருக்கிறது. கேனான் ஆர் வரிசையில் எச்டிஎம்ஐ காட்சித் தேர்வுக்குள் பாருங்கள். பழைய கேமரா என்றால் ஃபர்ம்வேரையும் (கேமராவின் உள் மென்பொருள்) பார்க்க வேண்டும். கேனான் 5டி மார்க் 3-க்குத் தகவல் எதுவும் இல்லாத தூய வெளியீடு 2013 ஏப்ரலில் ஃபர்ம்வேர் மூலமாகத்தான் வந்தது. சில தொடக்கநிலைக் கேமராக்களில் அந்த வசதியே கிடையாது. அவற்றோடு மானிட்டர் பயன்படும், ரெக்கார்டர் பயன்படாது.

ஏற்கெனவே பதிவாகிவிட்டதா? உள் கார்டில் உள்ள கோப்பில் அந்த எழுத்துகள் இருக்காது.

யாரும் தொடவில்லை, சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தில் நின்றுவிடுகிறது

பதிவு ரெக்கார்டரில் மட்டும் ஓடும்போது கேமராவுக்கு அது தெரியாது. அதன் கணக்கில் யாரும் பொத்தானை அழுத்தவில்லை, எனவே வேலை இல்லை. ஐந்து நிமிடமோ முப்பது நிமிடமோ, மெனுவில் உள்ள தானியங்கி அணைப்பு நேரம் வந்ததும் உறங்கிவிடும். சரியாக ஒரே இடைவெளியில் நிற்கிறதென்றால் இதுவே காரணம். அந்த அணைப்பை 'வேண்டாம்' என்று வையுங்கள். கேனான் ஆர் வரிசையில் எச்டிஎம்ஐ வெளியீடு அரை மணிக்கு மேல் தொடர இதைச் செய்தே ஆக வேண்டும்.

இருபத்தொன்பது நிமிடம் ஐம்பத்தொன்பது விநாடியில் நிற்பது இன்னொரு விதி. முப்பது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பதியும் கருவியை வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சுங்கவரி விதித்ததால், நிழற்படக் கேமரா தயாரிப்பாளர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட எல்லை அது. அது உள் கார்டுப் பதிவுக்குத்தான். எச்டிஎம்ஐ-யில் வெளியேறும் சிக்னலுக்கு அந்த எல்லை இல்லை. இரண்டு மணி நேர நாட்டிய நிகழ்ச்சிக்கு நான் ரெக்கார்டர் வாங்கியதே இதற்காகத்தான். ஆனால் கேமராவும் சேர்ந்து பதியும்படி இணைத்திருந்தால், கார்டு நிற்கும்போது ரெக்கார்டரையும் கேமரா நிறுத்திவிடும். நீண்ட நிகழ்ச்சிகளில் அந்த இணைப்பை எடுத்துவிட்டு ரெக்கார்டரைத் தனியாக இயக்குங்கள்.

நேரம் சீராக இல்லாமல் முன்னே பின்னே நின்றால் வெப்பத்தையோ பேட்டரியையோ சந்தேகியுங்கள். ஐந்தங்குல ரெக்கார்டர் பதியும்போது 10 முதல் 20 வாட் வரை இழுக்கும். என்பி-எஃப் 570 வகைப் பேட்டரியில் இருப்பது சுமார் 16 வாட்-மணி. கணக்கு நீங்களே போடலாம். ஒரு கச்சேரிக்கு அது போதாது. 970 வகையில் சுமார் 45 வாட்-மணி. நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைகிறதென்றால் பேட்டரி முதுமையடைந்துவிட்டது அல்லது போலி. சுமை ஏறும்போது அதன் மின்னழுத்தம் சரிந்து விழுகிறது.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு ஃபிரேம் விடுபடுகிறது

இந்த அறிகுறி பலரை ஏமாற்றும், ஏனென்றால் வீட்டில் இரண்டு நிமிடம் சோதித்தால் வராது.

ரெக்கார்டர் பதியும் வீடியோ வகைகளில் ஒன்றான ப்ரோரெஸ் 422 எச்க்யூ 4கே 25பி-இல் விநாடிக்கு 737 மெகாபிட், அதாவது சுமார் 92 மெகாபைட் எழுத வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 332 ஜிபி. டிஸ்க் பெட்டியில் விநாடிக்கு 500 மெகாபைட் என்று அச்சிட்டிருக்கிறார்களே, 92 எந்த மூலைக்கு என்று தோன்றும். அந்த 500 தொடக்கத்தில் மட்டும் உண்மை. விலை குறைந்த எஸ்எஸ்டி-களில், குறிப்பாக க்யூஎல்சி வகையில், வேகமான ஒரு சிறு பகுதி முன்வாசல்போல் இருக்கும். வருவதையெல்லாம் முதலில் அங்கே வாங்கி வைத்துக்கொள்ளும். அது நிரம்பியதும் மெதுவான உள்பகுதியில் நேரடியாக எழுத வேண்டியிருக்கும். வேகம் 80-க்கும் கீழே இறங்கக்கூடும். டிஸ்க் நிரம்ப நிரம்ப அந்த முன்வாசலும் சுருங்கும். முற்பகல் ஒழுங்காக வேலை செய்த டிஸ்க் பிற்பகல் தடுமாறுவது இதனால்தான்.

அரங்கேற்ற நாளுக்குச் சில மாதம் கழித்து எனக்கே இது நேர்ந்தது. புது டிஸ்க், ஒரு டெராபைட். பதிவு தொடங்கிய பன்னிரண்டாம் நிமிடம் திரையின் மூலையில் ஓட்டமிடும் மனிதனின் சிறு உருவம்போல ஓர் எச்சரிக்கை வந்துவந்து மறைந்தது. பிறகு கணினியில் பார்த்தபோது நட்டுவாங்கத் தாளத்துக்கும் பாதத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் தாவல்கள். நாட்டியத்தில் ஒரு ஃபிரேம் விடுபட்டாலும் அறிந்தவர் கண்டுபிடித்துவிடுவார்.

உடனடித் தீர்வு, அரங்கத்திலேயே செய்யக்கூடியது: தரத்தை ஒரு படி இறக்குங்கள். ப்ரோரெஸ் 422-க்கு 492 மெகாபிட், எல்டி-க்கு 342. மேடை நிகழ்ச்சிக்கு எச்க்யூ-வுக்கும் 422-க்கும் உள்ள வேறுபாட்டைப் பார்வையாளர் யாரும் காணப்போவதில்லை. விடுபட்ட ஃபிரேமை எல்லோரும் காண்பார்கள். நிலையான தீர்வு, ரெக்கார்டர் தயாரிப்பாளரின் ஒப்புதல் பட்டியலில் உள்ள டிஸ்க்கை வாங்குவது. அட்டமோஸ், பிளாக்மேஜிக் இரண்டும் அப்படிப் பட்டியல் வெளியிடுகின்றன. அதே மாதிரி எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் கொள்ளளவு மாறினால் நடத்தை மாறும்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் டிஸ்க்கை ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் கோப்புகளை அழித்துவிட்டுக் கொண்டுவருவது ஃபார்மட் ஆகாது. புது டிஸ்க்கைச் சோதிக்கும்போது லென்ஸ் மூடியோடு ஓடவிட்டுப் பயனில்லை: கறுப்புப் படத்துக்கு ப்ரோரெஸ் குறைவாகவே எழுதும், டிஸ்க் சிரமமே படாது. ஜன்னலுக்கு வெளியே காற்றில் ஆடும் வேப்பமரத்தை நோக்கிக் கேமராவை வைத்து, டிஸ்க் கடைசி ஜிபி வரை நிரம்பும்வரை ஓடவிடுங்கள். அதில் தேறினால் நம்பலாம்.

கேமரா பொத்தானை அழுத்தினால் ரெக்கார்டர் கேட்கவில்லை

ரெக்கார்டரில் பதிவைத் தொடக்கும் தூண்டல் (ட்ரிகர்) எச்டிஎம்ஐ-யில் இருக்க வேண்டும், கேமரா நிறுவனத்தின் பெயரும் சரியாகத் தேர்வாகியிருக்க வேண்டும். கேமராவில் பதிவுக் கட்டுப்பாட்டை இயக்க வேண்டும். சோனியில் அந்த வரி மங்கலாகத் தெரிந்தால், முதலில் டைம்கோட் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உரிய நேர எண்) வெளியீட்டை இயக்குங்கள்; அதன் பிறகுதான் இது திறக்கும்.

அசைவில் சீப்புப் பற்கள், அல்லது படம் முழுதும் நடுக்கம்

பழைய கேமராக்கள் 25பி-யை 50ஐ என்ற பொட்டலத்துக்குள் வைத்து அனுப்பும். 24பி-யை 60ஐ-க்குள் வைக்கும். ரெக்கார்டர் அதை உண்மையான இடைப்பின்னல் (ஒரு படத்தை ஒற்றை, இரட்டை வரிகளாகப் பிரித்து அனுப்பும் இன்டர்லேஸ் முறை) என்று நினைத்துப் பதிந்துவிடும். கை வேகமாக வீசும் இடத்தில் விளிம்பு சீப்புப்போலப் பிளந்து தெரிந்தால் இதுதான். ரெக்கார்டரின் உள்ளீட்டு மெனுவில் முதலாவதற்கு பிஎஸ்எஃப் என்றும், இரண்டாவதற்கு 3:2 புல்டவுன் நீக்கம் என்றும் தேர்வு இருக்கும்.

நடுக்கமும் பட்டைகளும் மின்விளக்கால் வருபவை, ரெக்கார்டர் சம்பந்தப்படவில்லை. பெரிய திரையில் இப்போதுதான் கண்ணில் படுகின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா மெனுவின் வீடியோ முறை என்டிஎஸ்சி-யில் (NTSC) 30பி-யில் இருந்தால் பிஏஎல்-க்கு (PAL) மாற்றி 25-க்கும் ஷட்டரை 1/50-க்கும் கொண்டுவாருங்கள்.

ஒலி

ஒலி பற்றி மூன்று தனித்தனிப் புகார்கள் வரும்.

ஒலி முந்துகிறது, படம் பிந்துகிறது: கேமரா சென்சாரிலிருந்து படத்தைப் படித்து, பதப்படுத்தி, எச்டிஎம்ஐ-யில் அனுப்ப நேரம் எடுத்துக்கொள்கிறது. அரங்க மிக்ஸரிலிருந்து ஒலியை நேராக ரெக்கார்டருக்குக் கொடுத்தால் அது காத்திருப்பதில்லை. மூன்று ஃபிரேம் வித்தியாசம் என்றால் 25பி-யில் 120 மில்லிவிநாடி. பேச்சில் உறுத்தும், மிருதங்கத்தில் தாங்க முடியாது. கேமராவுக்கு முன் நின்று கைதட்டிப் பதிவு செய்யுங்கள். கணினியில் கைகள் தொடும் ஃபிரேமுக்கும் ஒலி எழும் ஃபிரேமுக்கும் இடைவெளியை எண்ணி, அந்த எண்ணை ரெக்கார்டரின் ஒலித் தாமதத்தில் இடுங்கள். கேமராவையோ ஃபிரேம் வீதத்தையோ மாற்றினால் எண்ணும் மாறும். மிக்ஸரின் ஒலியைக் கேமராவிலேயே கொடுத்து எச்டிஎம்ஐ வழியே எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

ஓயாத முனகல்: ரெக்கார்டரின் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டுங்கள். முனகல் நின்றால் அது எர்த் சுற்று. அரங்க மிக்ஸர் ஓர் எர்த்திலும் உங்கள் அடாப்டர் இன்னோர் எர்த்திலும் நிற்க, ஒலிக் கேபிளின் உறை வழியே மின்னோட்டம் பாய்கிறது. பேட்டரியிலேயே ஓட்டுங்கள், அல்லது ஒலிக் கேபிளின் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி (மின்தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்துவது) வையுங்கள். ப்ளக்கின் எர்த் பின்னை உடைப்பதை எங்கேனும் யாரேனும் யோசனையாகச் சொன்னால் கேட்காதீர்கள். அந்த எர்த், மைக்கைத் தொடும் பாடகரின் உயிருக்குக் காவல்.

வயர்லெஸ் மைக் அறுந்தறுந்து கேட்கிறது: ரிசீவர் எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? யுஎஸ்பி 3 கேபிளில் தொங்கும் எஸ்எஸ்டி-க்கு அருகிலா? யுஎஸ்பி 3 தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உமிழ்கிறது. இன்டெல் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டது. சிறிய கிளிப்-ஆன் வயர்லெஸ் மைக்குகளில் பல அதே 2.4-இல்தான் ஓடுகின்றன. ரிசீவரைக் கேமராவின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள், உறை நன்றாக உள்ள குட்டைக் கேபிள் போடுங்கள்.

கறுப்பு சாம்பலாக இருக்கிறது, அல்லது முகம் சேறுபோல் இருக்கிறது

சாதாரணப் பிக்சர் புரொஃபைலில் (கேமராவின் நிற அமைப்பு) லென்ஸை மூடி, படத்தின் வெளிச்ச அளவைக் கோடாகக் காட்டும் ரெக்கார்டரின் வேவ்ஃபார்மைப் பாருங்கள். கோடு அடிமட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆறு சதவீதத்தில் மிதந்தால், கேமரா கறுப்பு முதல் வெள்ளை வரை 16 முதல் 235 வரையான அளவில் அனுப்புவதை ரெக்கார்டர் 0 முதல் 255 என்று படிக்கிறது. நிழல்கள் முழுதும் கறுப்பில் புதைந்தால் தலைகீழ்க் குழப்பம். இரு பக்கமும் ஒரே வீச்சில் வையுங்கள். 'ஆட்டோ'வை நம்பாமல் 'லிமிட்டட்' (16 முதல் 235) என்று தெளிவாகச் சொல்வதே எனக்கு ஒத்துவந்திருக்கிறது.

லாக் புரொஃபைலில் (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதியும் அமைப்பு) படம் வெளிறித் தெரிவது பிழை அல்ல. அந்தப் படத்தை இயல்பு நிறத்துக்கு மாற்றிக் காட்டும் லட் (LUT) ஒன்றை மானிட்டரில் போட்டுப் பாருங்கள். ஆனால் லட் எங்கெல்லாம் இயங்குகிறது என்பதில் கவனம் வேண்டும்: பார்ப்பதற்கு மட்டுமா, பதிவுக்குமா? பதிவில் ஒட்டிய லட்டைப் பிறகு உரிக்க முடியாது. சோனியின் லாக் வகையான எஸ்-லாக்3-இல் 18 சதவீதச் சாம்பல் அட்டை வேவ்ஃபார்மில் 41-இல் நிற்க வேண்டும். திரையின் வெளிச்சத்தைக் கண்ணால் நம்பி எக்ஸ்போஷர் வைக்காதீர்கள். வெயிலில் நல்ல மானிட்டரும் இருட்டாகத் தெரியும். நீங்கள் லென்ஸின் அப்பர்ச்சரைத் திறந்துகொண்டே போவீர்கள், பதிவில் முகம் வெந்துபோகும்.

எஸ்டிஐ துளை செத்துவிட்டது

இதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. வராமல் தடுக்கத்தான் முடியும். எஸ்டிஐ-யின் பிஎன்சி முனை திருகிப் பூட்டிக்கொள்ளும், அதனால் எச்டிஎம்ஐ-யின் தளர்வு நோய் அதற்கு இல்லை. ஆபத்து வேறு இடத்தில். கேமராவும் மானிட்டரும் ஒரே பெரிய பேட்டரியின் டி-டாப் என்ற மின் வெளியீட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது, மின் கேபிளின் தரைக்கம்பி சரியாகத் தொடுவதற்கு முன் எஸ்டிஐ கேபிள் இணைந்திருந்தால், மானிட்டரின் முழு மின்னோட்டமும் எஸ்டிஐ-யின் உறை வழியே திரும்பப் பார்க்கும். ஒரு பொறி போதும், கேமராவின் வெளியீட்டுச் சிப் போய்விடும். மாட்டும்போது மின் கேபிள் முதலில், பிறகு எஸ்டிஐ. கழற்றும்போது எஸ்டிஐ முதலில், மின்சாரம் கடைசியில்.

பதிவின் நடுவே மின்சாரம் போய், கோப்பு திறக்கவில்லை

அந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுதாதீர்கள். கணினி 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். படம் உள்ளேதான் இருக்கிறது. எந்த ஃபிரேம் எங்கே என்று கூறும் அட்டவணை கோப்பு முடியும்போது எழுதப்படுவது, அதற்கு வாய்ப்பில்லாமல் போய்விட்டது. முதலில் டிஸ்க்கை அதே ரெக்கார்டரில் திரும்பச் செருகுங்கள். பல ரெக்கார்டர்கள் அரைகுறைக் கோப்பைக் கண்டு தாங்களே சீர்செய்ய முன்வரும். அது முடியும்வரை முழுச் சார்ஜ் உள்ள பேட்டரி இருக்கட்டும். ஆகவில்லையென்றால் டிஸ்க்கை முழுதாக நகலெடுத்து, நகலில் மட்டும் அன்ட்ரங்க் போன்ற மென்பொருளை ஓட்டுங்கள். அதே கேமரா, அதே ரெக்கார்டர், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை அது மாதிரியாகக் கேட்கும். அதனால் நான் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் விளக்கேற்றும்போது முப்பது விநாடி தனிக் கிளிப் ஒன்று எடுத்து முடித்துவிட்டு, பிறகே முதல் உருப்படிக்குப் பதிவைத் தொடங்குகிறேன்.